ஒற்றைக் கண்

1858-ம் வருடம். தஞ்சாவூர் பெரிய கோயில். வெள்ளைக்கார கேப்டன் ஒருவர் விமானத்தின் அடிப்பகுதியில் ஒரு மரப்பெட்டியை நிறுத்துகிறார். படம் எடுக்கிறார். பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்கிறார். மறுபடி ஒரு படம். மறுபடி நகர்த்தல். இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல, மொத்தம் 21 படங்கள்.

பெட்டி என்றதும் தோளில் மாட்டிக்கொண்டு போகிற சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 15 அங்குலத்துக்கு 12 அங்குலம் அளவில் நெகட்டிவ் விழுகிற ராட்சதக் கேமரா. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் சைஸ். நெகட்டிவும் பிலிம் கிடையாது. மெழுகு தடவிய காகிதம்.

அந்த கேப்டனின் பெயர் லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் அதிகாரி. சென்னை மாகாண அரசு அவரைத் தன் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்திருந்தது. ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் படம் பிடித்தார். தஞ்சையில் அவர் குறி வைத்தது, விமானத்தின் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டு வரிகளை. ஒரே படத்தில் அவ்வளவு நீளமும் விழ வேண்டும், எழுத்தும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் மட்டுமல்ல, இன்றைக்கும் எந்த லென்ஸாலும் ஆகாத காரியம். எனவே 21 துண்டுகளாக எடுத்து, ஒட்டி, ஒரே படமாக்கினார். நீளம் கிட்டத்தட்ட 19 அடி!

இதை இன்றைக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், சமீபத்தில் ஒரு நண்பர் போன் செய்தார். குடும்பத்தோடு ராஜஸ்தான் போகிறாராம். புதிதாகக் கேமரா வாங்கியிருக்கிறார். 'ஏம்ப்பா, எல்லாத்துக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒரே ஒரு லென்ஸ் சொல்லேன். கோட்டையும் விழணும், ஒட்டகமும் விழணும், ராத்திரி டான்ஸும் விழணும். வெயிட்டாவும் இருக்கக் கூடாது. விலையும் பார்த்துக்கோ' என்றார்.

கிட்டத்தட்ட மாப்பிள்ளை தேடுகிற விளம்பரம் மாதிரி இருக்கிறதல்லவா? நண்பருக்குத் தெரியாது, அவர் கேட்ட கேள்விக்கு வயது 180-க்கு மேல். எத்தனையோ கணித மேதைகளும் முதலாளிகளும் ஊர் சுற்றிகளும் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி அது. உங்களுக்கும் ஒருநாள் வரப்போகிற கேள்விதான். ஆகவே கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

1839-ல் பாரிஸில் டாகுவேர் என்பவரின் புகைப்பட முறை உலகத்துக்கு அறிவிக்கப்படுகிறது. ஊரே கொண்டாடுகிறது. ஆனால் ஒரு சிக்கல். அந்தக் கேமராவின் லென்ஸ் வெளிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே விடும். ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள். கட்டடம் நிற்கும். மனிதன் நிற்பானா? மூக்கு அரித்தால் சொறிவான். தும்முவான். முகம் கலங்கிப் போகும்.

இந்தச் சிக்கல் வியன்னா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால் என்பவரிடம் வந்தது. மனிதர் லென்ஸ் தேய்க்கிறவர் அல்ல. காகிதத்தில் கணக்குப் போடுகிறவர். கண்ணாடியின் ஒவ்வொரு வளைவிலும் ஒளி எப்படித் திரும்பும் என்று கணக்கிட ஆரம்பித்தால் அது முடிகிற கணக்கா? கம்ப்யூட்டர் இல்லாத காலம். பீரங்கிப் படைக்குத் தலைமை வகித்த ஆஸ்திரிய இளவரசர் உதவிக்கு வந்தார். குண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் போட்டுப் பழகிய சில சிப்பாய்களை அனுப்பிவைத்தார். ஆக, உலகின் முதல் நல்ல போர்ட்ரெயிட் லென்ஸுக்குக் கூட்டல், பெருக்கல் செய்தது பீரங்கிப் படை.

1840-ல் லென்ஸ் தயார். எஃப் 3.6. பழைய லென்ஸைவிடக் கிட்டத்தட்ட 16 மடங்கு வெளிச்சம். நிமிடக் கணக்கு விநாடிக் கணக்காயிற்று. அதைச் செய்து விற்றவர் அதே ஊர்க்காரரான ஃபோக்ட்லெண்டர். பெட்ஸ்வாலுக்கு அவர் கொடுத்தது ஒரே தடவையாக 2,000 கில்டன். ராயல்டி கிடையாது, கமிஷன் கிடையாது. லென்ஸோ ஆயிரக்கணக்கில் விற்றது. இருவருக்கும் சண்டை முற்றியது. ஃபோக்ட்லெண்டர் 1849-ல் ஜெர்மனியின் பிரான்ஷ்வைக் நகரில் தொழிற்சாலை போட்டார். பெட்ஸ்வாலின் உரிமம் ஆஸ்திரியாவைத் தாண்டிச் செல்லாது. பேராசிரியர் மனம் கசந்து ஒதுங்கி, 1891-ல் இறந்தார். பி.காம். படித்தவன் என்கிற முறையில் இந்த ஒப்பந்தத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஃபோக்ட்லெண்டர் என்ற பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 119 வருடம் கழித்து மறுபடி வருவார்கள்.

சரி, பிரச்னை தீர்ந்ததா? அங்கேதான் ஆரம்பித்தது. பெட்ஸ்வால் லென்ஸில் நடுவில் இருக்கிற முகம் பளிச்சென்று விழும். ஓரமெல்லாம் குழைந்துவிடும். முகத்துக்குப் பரவாயில்லை. கோபுரத்துக்கு? கோபுரத்துக்குப் பழைய, மந்தமான லேண்ட்ஸ்கேப் லென்ஸ்தான் சரி. ஆக, முகத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று. ஊருக்குக் கிளம்புகிற போட்டோகிராபர் வாசலில் நின்று 'எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிட்டுப் போவது' என்று முதல்முதலாகக் குழம்பியது அநேகமாக அப்போதுதான்.

எடுத்துப் போவது என்றால் லேசுப்பட்ட விஷயமா? சாமுவேல் போர்ன் என்று ஒருவர். இங்கிலாந்தில் வங்கி வேலையை விட்டுவிட்டு இந்தியா வந்தவர். 1863-ல் சிம்லாவிலிருந்து இமயமலைக்குள் கிளம்பினார். கூடப் போனவர்கள் சுமார் 30 கூலிகள். கேமரா, கண்ணாடித் தகடுகள், ரசாயன பாட்டில்கள், இருட்டறைக் கூடாரம் அத்தனையும் மனிதத் தலைகளின் மேல். 1866-ல் 18,600 அடி உயரமுள்ள மணிராங் கணவாயில் நின்று படம் எடுத்தார். அந்த உயரத்தில் மூச்சு விடுவதே கஷ்டம். அவர் ஈரம் காயுமுன் தகட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். படங்கள் அபாரம். கீழே அவர் பெயர் இருக்கிறது. தூக்கிப் போனவர்களின் பெயர் இல்லை.

நம்ம ட்ரைப்? அவர் கதை இன்னும் சோகம். புதிதாக வந்த கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். புகைப்படத்துக்கு இவ்வளவு செலவா என்று கை வைத்தார். 1860-ல் கடையைக் கட்டியாயிற்று. ட்ரைப் அதன்பிறகு கேமராவை ஏறக்குறைய மறந்தே போனார். மூட்டை பெரிசாக இருந்தால் செலவு பெரிசு. செலவு பெரிசாக இருந்தால் முதலில் வெட்டு விழுவதும் அங்கேதான்.

போர்ன் மணிராங்கில் நின்ற அதே 1866-ல் ஐரோப்பாவில் ஓர் ஆச்சரியம் நடந்தது. லண்டனில் டால்மேயர், மியூனிக்கில் ஸ்டைன்ஹைல். இருவரும் தனித்தனியே, கிட்டத்தட்ட ஒரே மாதிரியான லென்ஸைக் கண்டுபிடித்தார்கள். நடுவில் துளை. முன்னால் ஒரு ஜோடிக் கண்ணாடி, பின்னால் அதன் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இன்னொரு ஜோடி. முன்னது செய்யும் தப்பைப் பின்னது திருத்திவிடும். நேர்க்கோடு நேர்க்கோடாகவே விழும். எஃப் 8. முகத்துக்கும் சுமார், கோபுரத்துக்கும் சுமார், கும்பலுக்கும் சுமார். எதிலும் முதல் மார்க் இல்லை. எல்லாவற்றிலும் பாஸ்!

சுமார் அரை நூற்றாண்டுக்கு உலகம் அதை வைத்துத்தான் ஓட்டியது. 'எல்லாத்துக்கும் ஒரே லென்ஸ்' என்பதற்கு வரலாறு கொடுத்த முதல் பதில் இதுதான்.

1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அடுத்த பதிலைக் கொடுத்தார். கோடக். 25 டாலருக்கு ஒரு பெட்டி. உள்ளே 100 படத்துக்கு பிலிம். லென்ஸைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம், ஃபோகஸ் செய்யவும் வேண்டாம். அழுத்து, பெட்டியோடு கம்பெனிக்கு அனுப்பு, 10 டாலர் கட்டு, கழுவித் திருப்பி அனுப்புவோம். கேள்வியே வேண்டாம் என்பதும் ஒரு பதில்தானே? இன்று நம் சட்டைப் பையில் இருக்கிற செல்போன், ஒருவகையில் அந்தப் பெட்டியின் கொள்ளுப் பேரன்.

ஆனால் கேள்வி கேட்கிறவர்கள் இருந்துகொண்டேதான் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு ஆஸ்துமா.

ஆஸ்கர் பார்னாக். 1879-ல் பிறந்த ஜெர்மானியர். கருவிகள் செய்கிற தொழிலாளி. துரிங்கியா காடுகளில் நடந்து படம் எடுப்பதில் பைத்தியம். கனமான கேமரா, கண்ணாடித் தகடுகள், முக்காலி எல்லாவற்றையும் சுமந்து மேடேறினால் மூச்சு வாங்கும். நாமாக இருந்தால் நடப்பதை நிறுத்தியிருப்போம். பார்னாக் கேமராவைச் சின்னதாக்கினார்.

1911-ல் வெட்ஸ்லர் நகரில் மைக்ராஸ்கோப் செய்கிற லைட்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். ஓரிரு வருடங்களில், சினிமா பிலிமை எடுத்துக் குறுக்கே ஓடவிட்டு, 24-க்கு 36 மில்லிமீட்டரில் படம் விழும்படி உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கேமரா செய்தார். நெகட்டிவ் சின்னதாக இருக்கட்டும், படத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. 1914-ல் முதலாளி எர்ன்ஸ்ட் லைட்ஸ் அமெரிக்கா போகும்போது அப்படி ஒன்றைக் கையோடு எடுத்துப் போய், நியூயார்க் தெருக்களைப் படம் எடுத்துவந்தார்.

அப்புறம் உலகப் போர். தோல்வி. பணவீக்கம். 1923-ல் ஜெர்மனியில் ரொட்டி வாங்க நோட்டைக் கூடையில் அள்ளிப்போன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மறு வருடம், 1924-ல், இந்தச் சின்னக் கேமராவை உற்பத்தி செய்யலாமா வேண்டாமா என்று லைட்ஸ் ஆபீஸில் மீட்டிங். ஆளாளுக்கு வேண்டாம் என்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலாளி சொன்னார்: துணிந்து இறங்குகிறோம். தன் தொழிலாளிகளுக்கு வேலை வேண்டுமே என்கிற கவலையும் அதில் இருந்தது.

1925 லைப்ஸிக் சந்தையில் லைகா வெளிவந்தது. அதில் ஒரே லென்ஸ். மாக்ஸ் பெரெக் வடிவமைத்த 50 எம்.எம்., எஃப் 3.5. கழற்றக்கூட முடியாது. வேறு லென்ஸ் மாட்டுகிற வசதி 1930-ல்தான் வந்தது. ஆக, முதல் ஐந்து வருடம் லைகா வாங்கியவர்கள் எல்லோருக்கும் '50' என்பது தாலி கட்டிய மாதிரி. இதோடுதான் வாழ்ந்தாக வேண்டும்.

வசதி வந்த பிறகும் அந்த 50-ஐ விடாமல் பிடித்துக்கொண்ட ஒருவர் உண்டு. ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான். பிரெஞ்சுக்காரர். 1932-ல் முதல் லைகா வாங்கினார். 35 எம்.எம்., 90 எம்.எம். லென்ஸ்களும் அவரிடம் உண்டு. ஆனால் பெரும்பாலும் 50-தான். பையைத் திறந்து யோசித்துக்கொண்டிருந்தால் காட்சி போய்விடும் என்று தெரிந்தவர்.

1948 ஜனவரி 30. டெல்லி பிர்லா மாளிகையில் காந்தியைச் சந்தித்தார். நியூயார்க்கில் நடந்த தன் கண்காட்சியின் புத்தகத்தைக் காட்டினார். பக்கம் பக்கமாகப் புரட்டிய காந்தி ஒரு படத்தில் நின்றாராம். ஒரு கவிஞர் சவ வண்டியைத் திரும்பிப் பார்க்கிற படம். மரணத்தைப் பற்றி ஏதோ முணுமுணுத்தாராம். விடைபெற்றுப் போன பிரெஸ்ஸானுக்குச் சற்று நேரத்தில் செய்தி வந்தது. சுட்டுவிட்டார்கள்.

திரும்பி ஓடி வந்தார். இருட்டத் தொடங்கிவிட்டது. வாசல் கேட்டருகே நேரு, துக்கத்தில் உடைந்து, கூட்டத்துக்குச் சேதி சொல்கிறார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். துல்லியம் இல்லை. கலங்கல். தெருவிளக்கு வெளிச்சம் பரவிக் கிடக்கும். இன்றைய சின்னக் கேமராவே அதைவிடப் பளிச்சென்று எடுக்கும். ஆனால் அங்கே அந்த நேரத்தில் கேமரா தயாராக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அதே மனிதர் 1950 ஏப்ரலில் நம் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியைக் கடைசி நாட்களில் படமெடுத்தார். ஏப்ரல் 14 இரவு, தங்கியிருந்த வீட்டுக்கு வெளியே நின்றபோது வானத்தில் ஒரு நட்சத்திரம் ஒளி வாலோடு மெல்ல நகர்ந்து அருணாசல மலைக்குப் பின்னால் மறைவதைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். 8.47. ஆசிரமத்துக்கு ஓடினார். மகரிஷி சமாதியானது சரியாக அந்த நிமிடத்தில் என்று தெரிந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ் வைத்திருந்தவர் அன்றைக்குக் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

சரி, 119 வருடக் கதைக்கு வருவோம். ஒரு லென்ஸ் பல லென்ஸாக மாற முடியாதா? முடியும் என்றார் ஃபிராங்க் பேக். இவரும் வியன்னாக்காரர். அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறியவர். 1940-களின் பிற்பகுதியில் சினிமாவுக்கும் டி.வி-க்கும் 'ஜூமார்' என்று ஒரு லென்ஸ் செய்து கொடுத்தார். சர்ரென்று செங்குத்தாக மேலே ஏறும் விமானத்துக்குச் சொல்கிற வார்த்தைதான் 'ஜூம்'. 1959-ல் புகைப்படக் கேமராவுக்கும் வந்தது ஜூமார். 36-லிருந்து 82 எம்.எம். வரை. விற்றது யார்? ஃபோக்ட்லெண்டர்! பெட்ஸ்வாலை 2,000 கில்டனோடு அனுப்பிவைத்த அதே கம்பெனி.

ஆனால் ஜூம் என்றால் அப்போது கௌரவமில்லை. காரணம் இருக்கிறது. 50 எம்.எம். லென்ஸ் ஒரே ஒரு வேலையைச் செய்தால் போதும். ஜூம் என்பது கல்யாணத்தில் ஒரே ஆளே புரோகிதர், சமையல்காரர், நாதஸ்வர வித்வான் என்று மூன்று வேஷம் போடுகிற மாதிரி. உள்ளே கண்ணாடிகள் அதிகம். பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 சதவிகித வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பத்துக் கண்ணாடி என்றால் இருபது பரப்பு. கூட்டிப் பாருங்கள், தலை சுற்றும். 1935-ல் ஸைஸ் கம்பெனியின் ஸ்மகூலா கண்டுபிடித்த, ஒளி திரும்பி அடிப்பதைக் குறைக்கும் பூச்சும், பிற்பாடு வந்த கம்ப்யூட்டர் கணக்கும் இல்லையென்றால் ஜூம் பிழைத்தே இருக்காது. 1963-ல் நிக்கான் 43-86 ஜூமைக் கொண்டுவந்தபோது ஜனங்கள் ஆசையாக வாங்கினார்கள். நேராக நிற்கும் தூண் படத்தில் வளைந்து நின்றது. திட்டிக்கொண்டே வாங்கினார்கள். வசதி என்பது அப்படிப்பட்ட சமாசாரம்.

1992-ல் ஜப்பானின் டாம்ரான் ஒரு வேலை செய்தது. 28-லிருந்து 200 வரை, ஒரே லென்ஸில், கைக்கு அடக்கமாக. 28 என்றால் தெரு முழுக்க விழும். 200 என்றால் எதிர்த் தெரு மொட்டை மாடிக் காக்காயின் மூக்கு விழும். ஒரு சின்னக் குறை. கிட்டத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது. 2.1 மீட்டர், அதாவது ஏழடி தள்ளி நிற்க வேண்டும். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கும் மனைவியைப் படம் எடுக்க வேண்டுமென்றால் எழுந்து பக்கத்து டேபிளுக்குப் போக வேண்டும். இருந்தும் டூரிஸ்ட்டுகள் விரும்பி வாங்கினார்கள்.

2005-ல் நிக்கான் 18-200 வந்தது. கை நடுங்கினாலும் படம் நடுங்காத தொழில்நுட்பத்தோடு. எடை 560 கிராம்தான். கடைக்காரர்கள் காத்திருப்போர் பட்டியல் போட்டு விற்றார்கள். பிறகு 18-270, 18-300 என்று போட்டி வளர்ந்து, 2017-ல் டாம்ரான் 18-400-ல் போய் நின்றது. 22 மடங்கு ஜூம்!

அப்படியானால் கேள்வி தீர்ந்துவிட்டதே, பெரிய நம்பரைப் பார்த்து வாங்கிவிட வேண்டியதுதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு தடவை அதற்கு நேர் எதிராகவும் நினைத்தேன். இரண்டாவது தப்பைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அப்பாவைக் காசிக்கு அழைத்துப் போனேன். அவர் அம்மாவுக்கு, அதாவது என் பாட்டிக்கு, காசியில் திதி கொடுக்க வேண்டும் என்பது முப்பது வருட ஆசை. ஏதேதோ செலவு வந்து தள்ளிக்கொண்டே போன ஆசை. நான் தோளில் ஒரு பை மாட்டியிருந்தேன். உள்ளே மூன்று லென்ஸ்கள். 'எல்லாத்துக்கும் ஒண்ணுன்னா தரம் போயிடும். ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு இருக்கணும்' என்று யாரிடமோ கேட்ட உபதேசம்.

காலை ஆறரை மணி. படித்துறை. தூரத்தில் படகுகள். நான் 70-300 மாட்டிப் படகுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா மூன்று முழுக்குப் போட்டுவிட்டு எழுந்தார். என்னிடமிருந்து நான்கடி தூரம். தலையிலிருந்து தண்ணீர் வழிய, 'டேய், குளிரவே இல்லைடா!' என்று சிரித்தார். சின்னப் பையன் மாதிரி ஒரு சிரிப்பு. கறாரான மனிதர் அவர். அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கேமராவைத் தூக்கினேன். ஃபோகஸ் ஆகவில்லை. அந்த லென்ஸுக்கு அவர் ரொம்பக் கிட்டே இருந்தார். 'அப்பா, ஒரு நிமிஷம்' என்றேன். மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பெரிய லென்ஸைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சின்னதைத் தேடி எடுத்து மாட்டி நிமிர்ந்தபோது அவர் துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தார். போட்டோ என்றதும் எல்லா அப்பாக்களும் போல விறைப்பாக நின்றார். எடுத்தேன். அந்தப் படம் இருக்கிறது. சிரிப்பு இல்லை. போதாக்குறைக்கு, படித்துறைக் காற்றில் லென்ஸ் மாற்றியதில் சென்சாரில் தூசு. அன்றைய படங்கள் அனைத்திலும் வானத்தில் ஒரு கரும்புள்ளி.

அப்பா இரண்டு வருடம் கழித்துப் போய்விட்டார்.

ஊர் திரும்பியபிறகு ஒரு காரியம் செய்தேன். உங்களையும் செய்யச் சொல்கிறேன். டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்திலும், அது எத்தனை எம்.எம்-ல் எடுக்கப்பட்டது என்று ரகசியமாகக் குறித்து வைக்கும். கம்ப்யூட்டரில் படத்தின் விவரத்தைத் திறந்தால் தெரியும். பழைய பயணத்தின் படங்களைத் திறந்து, பிரின்ட் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறவற்றை மட்டும் பொறுக்குங்கள். ஒரு தாளில் நம்பர்களை எழுதுங்கள். ஆடிட்டர் வேலைதான். என் கணக்கில், தூரத்துப் படகு, தூரத்துக் குருவி எதுவுமே தேறவில்லை. தேறியதெல்லாம் இரண்டடியிலிருந்து இருபதடிக்குள் இருந்த மனிதர்கள், சந்துகள், இட்லிக் கடை. எல்லாம் நடுவாந்திர நம்பர்கள்.

இனி நண்பருக்குச் சொன்ன பதில்.

பெரிய சென்சார் கேமரா என்றால் 24-105. சின்ன சென்சார் என்றால் 18-135, அல்லது 16-80 மாதிரி ஏதாவது. கம்பெனி எதுவானாலும் சரி. 24 எம்.எம். என்பது 84 டிகிரி பார்வை. கோட்டை வாசல் விழும். 105-ல் முகம் விழும். பெஷாவர் அகதி முகாமில் 1984-ல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த அந்தப் பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படம் 105 எம்.எம். லென்ஸில் எடுத்ததுதான். உலகின் மிகப் பெரும்பாலான பயணம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நடக்கிறது.

18-200, 18-400 எல்லாம் வேண்டாமா? காட்டுக்குள் ஜீப்பில் போகிறீர்கள், பட்டப் பகல், இறங்கி நடக்க முடியாது என்றால் தாராளமாக. ஆனால் நம்பர் கூடக் கூட வெளிச்சம் குறையும். நீட்டிய ஜூம் பெரும்பாலும் எஃப் 5.6 அல்லது 6.3. ஒரு சாதாரண 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் அந்த 5.6-ஐவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் வாங்கும். கோயில் பிராகாரத்தில், ராத்திரி டான்ஸில் இந்த வித்தியாசம் தெரியும். நடுக்கம் தடுக்கும் வசதி உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். ஆடுகிறவரின் ஆட்டத்தை நிறுத்தாது. இருட்டுதான் உங்கள் விருப்பம் என்றால், கார்ட்டியர் பிரெஸ்ஸான் மாதிரி ஒரே ஒரு 50-ஓ 35-ஓ போதும். மீதியைக் கால் பார்த்துக்கொள்ளும்.

வாங்குவதற்குமுன் கடையில் ஒரே ஒரு சோதனை. லென்ஸை மாட்டி, கூட வந்தவரை எதிரே கை எட்டும் தூரத்தில் உட்கார வைத்து ஃபோகஸ் செய்து பாருங்கள். ஆகவில்லையா? எத்தனை மடங்கு ஜூம் என்றாலும் கீழே வைத்துவிடுங்கள். பிறகு கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே கால் மணி நேரம் சுற்றுங்கள். கழுத்து வலிக்கிற லென்ஸ் இரண்டாம் நாள் ஓட்டல் ரூமிலேயே தங்கிவிடும். பார்னாக் அதைத்தான் புரிந்துகொண்டார்.

'எதையாவது மிஸ் பண்ணிட்டா?' என்று நண்பர் கேட்டார். பண்ணுவீர்கள். 21 படம் ஒட்டியும் பெரிய கோயில் முழுக்க ட்ரைபுக்குக் கிடைத்துவிடவில்லை. எல்லாம் விழ வேண்டும் என்று பை நிறையச் சுமந்தவனுக்கு எது விழவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் அம்மாவை ராமேஸ்வரம் அழைத்துப் போகிறேன். ஒரே லென்ஸ். வீட்டிலேயே மாட்டி எடுத்துப்போய், வீட்டுக்கு வந்துதான் கழற்றுவதாக உத்தேசம். பையில் இடம் நிறைய மிச்சம் இருக்கிறது. அம்மா அதில் முறுக்கு டப்பா வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.